நோர்வேத் தூண்டிலும் கச்சாய் முரலும்

மீன் என் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரில் நின்று துள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் யார் கூடுதலாகப் பயந்துபோயிருந்தோம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

இடம் கச்சாய்த் துறை. விடிந்து, வெயில் இன்னும் சுடத் தொடங்காத நேரம். முழங்காலளவு பரவைக்கடலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இடது கையில் நோர்வேயிலிருந்து வந்த தூண்டில் தடி. வலது கையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு முரல் மீன். அதன் வாய் கணிதப் பெட்டிக்குள் இருக்கிற கவராயம் மாதிரி முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கவராயம் முழுக்கப் பல்.

என் வாழ்நாளில் நான் தொட்ட முதல் மீன் அது. சமைத்த மீனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இணுவில்காரன். எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாகச் சைவச் சாப்பாடு என்று அம்மா சொல்வார். ஏழையும் யாரம்மா எண்ணிப் பார்த்தது என்று நான் கேட்டால் அன்றைக்கு எனக்குக் குழம்பு கிடையாது. மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டாலே படலையைச் சாத்துகிற வீடு அது.

அந்த வீட்டுப் பிள்ளை மீனும் கையுமாக நிற்கிறான். சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த சின்னத்துரை அண்ணை ஷெல் விழப்போகிறது என்று நினைத்து வள்ளத்துக்குப் பின்னால் படுத்துவிட்டார்.

சரி, பிடித்தாயிற்று. இனி என்ன செய்வது? தடியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. நோர்வே மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. படங்களைப் பார்த்துத்தான் எல்லாம் பழகினேன். கடைசிப் படத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அதற்கு அடுத்த படம் இல்லை. ஆகவே நானும் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுத் தடி வந்த வரலாற்றைச் சொல்லவேண்டும். எனக்கு ஒரு விஷயத்தையும் நேராகச் சொல்லத் தெரியாது என்பது என் மனைவி ராணியின் பழைய குற்றச்சாட்டு. நேராகச் சொல்வதற்கு நான் என்ன பொலிசில் வாக்குமூலமா கொடுக்கிறேன்?

ஒட்டடைக் கம்பு

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பெரியண்ணை நோர்வேக்குப் போய் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லும்போது நாங்கள் 'தொழிற்சாலை' என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அவரிடம் எனக்கு ஒரு சாமான் கொடுத்துவிட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து சாமான் வருகிறது என்றால் அந்தக் காலத்தில் அது கசெற் றேடியோதான். நான் மின்கலங்கூடத் தேடி வாங்கி வைத்திருந்தேன். வந்தது ஒரு நீட்டு அலுமினியக் குழாய்.

கொண்டுவந்தவர் குழாயை முற்றத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். ஆனையிறவுச் சோதனையில் இந்தக் குழாயைக் கண்டதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் ஆமிக்காரர் இறக்கிவிட்டார்களாம். குழாயைத் திறக்கச் சொல்லி அவரைத் தனியே தூரத்தில் விட்டார்களாம். உள்ளே இருந்தது தூண்டில் தடி என்று கண்டபிறகு அதில் ஒரு ஆமிக்காரன் துண்டுகளைப் பொருத்தி வீசிப் பார்த்து, தன் சிநேகிதனின் தொப்பியைத் தட்டிவிட்டுச் சிரித்தானாம். "உங்கடை கொண்ணைக்கு என்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தடி பிடித்திருந்தது. நல்ல நீளம், பாரமில்லை, முகட்டு மூலைவரைக்கும் எட்டும். ஒட்டடை அடிக்க இப்படியொரு கம்பைத்தான் தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். குழாயோடு வந்த சின்னப் பெட்டியை நான் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தடியின் விதி அதோடு முடிந்திருக்கும்.

பெட்டிக்குள் பூச்சிகள். உயிருள்ளவை அல்ல. இறகையும் பட்டுநூலையும் வைத்து, சின்னத் தூண்டில்முள்ளின் மேல் ஈ மாதிரியும் தும்பி மாதிரியும் கட்டிய பூச்சிகள். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம், இந்தப் பொய்ப் பூச்சியைக் காட்டியே மீனை ஏய்க்கலாம் என்பதுதான் நோர்வேக்காரரின் கெட்டித்தனம். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தடி வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதை வெங்காயக் கொட்டிலில், வெங்காயப் பிடிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

ஆனால் பூச்சிகளில் ஒன்று மயிலிறகில் செய்தது. முருகனுடைய மயில் அல்லவா? அதை எறியவும் அம்மாவுக்கு மனமில்லை, மீன் பிடிக்க விடவும் மனமில்லை. கத்தரிக்கோலால் தூண்டில்முள்ளை நறுக்கிவிட்டு, மிச்சத்தைச் சாமியறையில் முருகன் படத்தின் சட்டத்தில் செருகிவிட்டார். தடிக்கு வாசலில் தடை, பூச்சிக்குச் சாமியறையில் இடம். எங்கள் வீட்டுச் சட்டங்கள் அப்படி.

தறையில் பாடம்

ராணி அப்போது இணுவிலில் இல்லை. தலைப்பிள்ளை. பிள்ளைப்பேறுக்காகத் தாய்வீட்டுக்கு, கச்சாய்க்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் பின்னேரம் முழுக்க எனக்கு வேலையில்லை. வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத் தறை வெறுமையாகக் கிடந்தது. தடியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

தூண்டில் என்றால் ஈயம் கட்டி எறிவது என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. பெட்டியில் ஈயம் இல்லை. வெள்ளைக்காரர் மறந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, சைக்கிளிலிருந்து ஒரு நட்டைக் கழற்றிக் கட்டி எறிந்தேன். நட்டு அறுந்து, வேலி தாண்டிப் பறந்து, பக்கத்து வளவுப் பூசணிக்காய்க்குள் போய் இருந்துகொண்டது. சைக்கிளின் பின்சில்லு அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கழன்றது வேறு கதை.

பிறகுதான் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஈயம் தேவையில்லை. பாரம் கயிற்றில்தான் இருக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் தடித்த, வழுவழுப்பான கயிறு. அதன் நுனியில் ஒரு பாக நீளத்துக்குத் தங்கூசி என்கிற மெல்லிய நைலோன் இழை. தங்கூசியின் நுனியில் பூச்சி. முன்னால் எறியவேண்டுமானால் முதலில் கயிற்றைப் பின்னால் எறியவேண்டும். அது பின்னால் நேராக நீளும்வரை பொறுக்கவேண்டும். பிறகுதான் முன்னால்.

பொறுப்பது என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. கயிறு பின்னால் போய்ச் சேருமுன் முன்னால் இழுத்தேன். பூச்சி என் காதைப் பிடித்தது. என் சாரத்தைப் பிடித்தது. வேலியில் நின்ற பூவரசங் கதியாலைப் பிடித்தது. ஒருநாள் மாட்டைப் பிடித்தது; மாடு அன்று பின்னேரம் பால் தரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் சனம் கூடத் தொடங்கிவிட்டது. தறைக்குள் மீன் கொத்துதோ மாஸ்ரர் என்று கேட்காத ஆள் இணுவிலில் இல்லை. பத்தாம் வகுப்புப் பெடியள் கரும்பலகையில் வெங்காயத்துக்கு வாலும் செட்டையும் வைத்துக் கீறியிருந்தார்கள். நன்றாகவே கீறியிருந்தார்கள், அதை நான் அழிக்கவில்லை.

ஒரு பின்னேரம் அது நடந்தது. கயிற்றைப் பின்னால் விட்டேன். ஏதோ யோசனையில் முன்னால் இழுக்க மறந்துபோனேன். மறந்ததுதான் தேவைப்பட்ட பொறுமை. தடியின் நுனி பின்பக்கமாக மெல்ல வளைந்து, கயிறு முழுக்க நீண்டுவிட்டது என்று என் உள்ளங்கைக்குச் சொன்னது. சொல்லியது என்றே சொல்வேன். முன்னால் விட்டேன். செம்மஞ்சள் கயிறு தலைக்கு மேலால் சுருள் அவிழ்ந்துகொண்டே போய், தறையின் மறுகரையில் நேராக விழுந்தது. பூச்சி கடைசியாக, சத்தமில்லாமல் வந்து இறங்கியது.

நான் தடியை முத்தமிட்டேன். வேலிக்கு அந்தப்பக்கம் ஒருவர் கைதட்டினார். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வாய்க்கால் வரம்பு, மண்வெட்டிப் பிடி, உதிர்ந்து கிடந்த தென்னம்பாளை எல்லாவற்றையும் பூச்சியால் தொட்டுத் தொட்டு விளையாடினேன். கல்யாணமான புதிதில்கூட நான் இவ்வளவு சிரித்ததில்லை என்று அம்மா சொன்னார். அது உண்மையில்லை, ராணி வாசிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை.

இறங்குதில்லை

பெண்பிள்ளை பிறந்தது. தந்தி கண்டு கச்சாய்க்கு ஓடினேன். பிள்ளை சுகம். ராணிதான் சுகமில்லை.

காய்ச்சல் இல்லை, வேறு வருத்தமும் இல்லை. சாப்பிடமாட்டேன் என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கதை கேட்டால் ஒரு சொல்லில் பதில். என்ன கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு இறங்குதில்லை என்று கோப்பையைத் தள்ளிவிடுவாள். பிள்ளை பாலுக்கு அழும். பிள்ளை அழ இவளும் அழுவாள். பார்க்க வந்த மருத்துவிச்சி, தாய் சாப்பிட்டால்தான் பிள்ளை தேறும் என்று எங்களுக்கு முன்னால் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி கொடுக்கவேண்டும் என்பதில் ராணியின் தாய், என் மாமி, உறுதி. மிளகு, மல்லி, உள்ளி அரைத்து, அதற்குள் மீன். எந்த மீனும் சரிவராது. முரல் வேண்டும், அல்லது சின்ன விளைமீன். சின்னத்துரை அண்ணை கரையில் நின்று வலை வீசி இறால் அள்ளிக்கொண்டு வருவார், இறால் கிரந்தி, பிள்ளைக்குச் சொறி வரும். நண்டு கொண்டுவருவார், நண்டும் கிரந்தி. கெளிற்று மீனைப் படலைக்குள்ளேயே மாமி விடவில்லை. பரவைக்கடலில் நேவிக்காரர் சுடுகிற காலம்; வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. முரல் எட்டத்தில் மேல்தண்ணீரில் ஓடித் திரிவது கரையில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். வலை விழுகிற தூரத்துக்கு அது வராது, வந்தாலும் வலைக்கு மேலால் பாய்ந்துவிடும். கொடிகாமம் சந்தையிலும் தேடிப் பார்த்துவிட்டோம். மீன் பரப்பி விற்கிற வாங்கில்கள் காய்ந்து கிடந்தன.

மீன் இல்லாமலே பத்தியக்கறி வைத்தால் என்ன என்று மாமியிடம் கேட்டேன். சைவக்காரன் கேட்கிற கேள்விதான். மாமி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"தம்பி, இவள் மூண்டு நேரமும் மீனோடை சாப்பிட்டு வளந்தவள். ரெண்டு வருசம் உங்கடை வீட்டிலை இருந்து நாக்குச் செத்துப்போச்சு. நான் உங்களைக் குறை சொல்லேல்லை."

குறை சொல்லவில்லைத்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்தில் ராணி மீன் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் சொன்னதில்லை. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவள். நானும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தாள். இவள் எனக்கு வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதே சைக்கிளை எடுத்தேன்.

ஹெலி

இணுவிலுக்குப் போய் அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வெங்காயக் கொட்டிலிலிருந்து குழாயை எடுத்துச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு திரும்பினேன். கைதடி ஊரின் வயல்வெளியில் வரும்போது ஹெலிகொப்டர்ச் சத்தம். தெருவில் போன சனம் எல்லாம் பக்கத்து வாய்க்காலுக்குள் பாய்ந்தது. சைக்கிளை விட்டுவிட்டு, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் பாயப் போனேன்.

வாய்க்காலுக்குள் இருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். "தம்பி, உந்தக் குழாயை அங்காலை போட்டிட்டு வாரும். இல்லாட்டி நீரும் அங்காலை நில்லும்."

மேலிருந்து பார்ப்பவனுக்கு அது ரொக்கெற் லோஞ்சராகத் தெரியும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எறிந்துவிட்டு வாய்க்காலுக்குள் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு பனைக்குப் பின்னால் குழாயோடு ஒட்டிக்கொண்டு, ஹெலி சுற்றுகிற பக்கத்துக்கெல்லாம் நானும் பனையைச் சுற்றினேன். அது போனபிறகு வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு பேரும் உயிரோடு இருக்கிற சந்தோஷம் அது. உள்ளே என்ன என்று காட்டாமல் போகவிடமாட்டோம் என்றார்கள். தெருவிலேயே தடியைப் பொருத்தி இரண்டு வீச்சு வீசிக் காட்டினேன். அந்தப் பெரியவர் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, உடுப்புக் காயப்போட நல்ல கயிறு என்றார்.

கவராய வாய்

கச்சாயில் நாளும் விடியற்காலையில் கடலில் இறங்கினேன். தறையில் பழகிய கை தண்ணீரிலும் வேலை செய்தது. கயிறு போய் எட்டத்தில் விழும். பூச்சியை விட்டுவிட்டு இழுப்பேன். முதல்நாளே முரல் வந்துவிட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து பூச்சியைக் கடிக்கும், தடி வளையும், எனக்கு நெஞ்சு வாய்க்குள் வரும், அடுத்த நொடி கயிறு தளர்ந்துவிடும். அதன் வாய் வெறும் எலும்பு. தூண்டில்முள் அதில் ஏறாது. கடித்துவிட்டு விட்டுவிட்டுப் போகும். பூச்சி பூச்சியாக இறகு பிய்ந்துபோயிற்று. ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பி, ராணியின் கோப்பையில் தள்ளிவைத்த சோற்றைப் பார்ப்பேன்.

கடைசியில் ஒரு பூச்சிதான் மிஞ்சியது. அதிலும் இறகெல்லாம் போய், கட்டியிருந்த சிவப்புப் பட்டுநூல் பிரிந்து குஞ்சமாகத் தொங்கியது. வேறு வழியில்லாமல் அதை எறிந்தேன். முரல் வந்து கடித்தது. வழக்கம்போல விட்டுவிட்டுப் போகப் பார்த்தது. போக முடியவில்லை. அந்த நூல் அதன் பல்லெல்லாம் சிக்கிக்கொண்டுவிட்டது. தூண்டில்முள் சும்மா தொங்கிக்கொண்டிருக்க, மீன் நூலில் வந்தது.

அப்படித்தான் நான் மீனும் கையுமாக நின்று கத்தினேன். சின்னத்துரை அண்ணை வள்ளத்துக்குப் பின்னால் படுத்தார்.

பச்சை

அவர் எழும்பி வந்து, மீனைத் தான் வெட்டித் தருவதாகச் சொன்னார். நான் விடுவேனா? பிடித்தவன் நான், வெட்டுவதும் நான்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாமி கடைக்குப் போயிருந்தார். ராணியும் பிள்ளையும் தூக்கம். எல்லாரும் பார்க்கும்போது மீன் வெட்டிக் கழுவிச் சட்டியில் இருக்கவேண்டும் என்று கிணற்றடியில் குந்தினேன். சாம்பல் தொட்டு உரஞ்சினேன். மூக்கால் மூச்சு விடாமல் வயிற்றைக் கீறினேன். பிறகு முதுகுப்பக்கம் பிளந்தேன்.

உள்ளே முள் பச்சை.

இளம்பச்சைகூட இல்லை. வாழையிலைப் பச்சை. நடுமுள் தலையிலிருந்து வால்வரைக்கும் பச்சையாகக் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செம்பில் களிம்பு பிடித்தால் இந்த நிறந்தான் என்று எனக்குத் தெரியும். மீன் பழுது. இல்லை, நஞ்சு. இதைத் தின்று ராணிக்கு ஏதும் ஆகி, பாலில் இறங்கிப் பிள்ளைக்கும் ஏதும் ஆகியிருந்தால்? முருகா, நல்லகாலம் நானே வெட்டினேன். தென்னையடியில் கிடங்கு கிண்டி மீனைத் தாட்டேன். மேலே மண் போட்டு மிதித்தேன். பார்த்துக்கொண்டிருந்த காகத்தையும் அதன் நன்மைக்காகக் கலைத்துவிட்டேன்.

மாமி வந்தார். வரும் வழியிலேயே சின்னத்துரை அண்ணை செய்தி சொல்லிவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, அம்மியைக் கழுவிக்கொண்டே மீன் எங்கே என்று கேட்டார்.

"தாட்டுப்போட்டன் மாமி. பழுது. முள்ளெல்லாம் பச்சை."

மாமி கழுவுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். தென்னையடியைப் பார்த்தார். பிறகு மெல்லக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைதான் விக்குகிறது என்று நினைத்து ஓடினேன். ராணி. கட்டிலில் எழும்பி இருந்து, தலையணையை வயிற்றோடு அமத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நிறுத்த முயல்கிறாள், முடியவில்லை. தையல் நோகிறது, என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டுகிறாள். நான் போனால்தானே. பிள்ளை பிறந்ததன் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கண்டேன். பச்சை முள்ளே, நீ நல்லாயிரு என்று மனதுக்குள் சொன்னேன்.

மூச்சு வந்ததும் சொன்னாள். "முரலுக்கு முள் பச்சைதான். பிறக்கேக்கையே பச்சை. என்ரை ஐயோ, தாட்டே போட்டியள்?"

கூறைச்சேலை நூல்

இன்னொன்று பிடிக்கவேண்டும். பூச்சி ஒன்றும் மிச்சமில்லை; கடைசிப் பூச்சியின் நூலும் மீனின் பல்லோடு மண்ணுக்குள் போய்விட்டது. சிக்கியது நூலில்தான் என்று ராணிக்கு விளக்கினேன். கையை ஆட்டி, தடியை ஆட்டி, மீன் மாதிரி வாயை நீட்டி விளக்கினேன். அவள் திரும்பச் சிரித்துவிட்டு, பெட்டகத்திலிருந்து கூறைச்சேலையை எடுத்துவரச் சொன்னாள். கூறையில் கை வைப்பதாவது என்று மாமி சத்தம் போட்டார். ராணி கேட்கவில்லை. பிள்ளையை மடியில் கிடத்தியபடி, தலைப்புக் குஞ்சத்தில் சிவப்புப் பட்டு இழைகளை ஒவ்வொன்றாக உருவி, முறுக்குப் பிரித்து, தங்கூசியில் கட்டித் தந்தாள். தூண்டில்முள்ளே இல்லாத தூண்டில். நோர்வேக்காரர் கண்டிருந்தால் அந்தப் புத்தகத்தில் ஒரு படம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

அடுத்தநாள் காற்று. கயிறு போகிற பக்கம் ஒன்று, விழுகிற பக்கம் ஒன்று. முரல் ஒன்றும் மேலே வரவில்லை. வெயில் ஏறி முதுகு காய்ந்தது. இன்றைக்கும் வெறுங்கையோடு போனால் அவள் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்ற பயத்தில் விடாமல் எறிந்துகொண்டிருந்தேன். சின்னத்துரை அண்ணை வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். காற்று கொஞ்சம் விழுந்தபோது கயிற்றைப் பின்னால் விட்டேன். பொறுத்தேன். உள்ளங்கை சொன்னபிறகு முன்னால் விட்டேன். சிவப்பு நூல் போய் விழுந்த இடத்தில் தண்ணீர் கிழிந்தது.

இந்தமுறை நான் கத்தவில்லை. மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடுவரைக்கும் ஓடினேன். சட்டை நாறியது. நாறட்டும்.

வெட்டியது மாமி. பத்தியக்கறி கொதித்த வாசனைக்கு நான் முற்றத்து மூலைக்குப் போய்விட்டேன், பொய் ஏன் சொல்லவேண்டும். ஆனால் ராணி சாப்பிட இருந்தபோது வந்து அறை வாசற்படியில் இருந்தேன். அவள் குழைத்து முதல் வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பச்சை முள்ளை எடுத்துக் கோப்பை விளிம்பில் வைப்பதும், அடுத்த வாய் குழைப்பதுமாக இருந்தாள். என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்லிக் கேட்பாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"ரெண்டு வருசமும் ஒருநாள் கேக்கேல்லையே, ராணி," என்றேன்.

"கேட்டிருந்தா என்ன செய்திருப்பியள்?"

யோசித்துப் பார்த்தேன். தெரியாது என்றுதான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

"வெங்காயக் கொட்டிலுக்குப் பக்கத்திலை உமக்கொரு அடுப்பு வைக்கிறன். சட்டி பானை எல்லாம் புறம்பா. மீன்காரரை நானே படலையிலை மறிக்கிறன்."

"உங்கடை அம்மா விடமாட்டா."

"அம்மாவோடை நான் கதைக்கிறன். நீர் சாப்பிடும்."

ராணி குழைத்த கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிரம்பிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். பிறகு கோப்பையைத் தூக்கி, குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றாள்.

மாமி அகப்பையோடு வரவில்லை. பானையோடு வந்தார்.